மூன்று மணி இடைவேளை

பாயான் லெப்பாஸில் விடியற்காலை மூன்று மணி என்றால்
மலாவியில் இரவு ஒன்பது.
தம்பி யுகேந்திரன் போனதிலிருந்து
நான் தப்பாமல் போடுகிற ஒரே கணக்கு இதுதான்.

வெள்ளை அங்கியைக் கழற்றி மாட்டி
லாக்கரிலிருந்து கைப்பேசியை எடுத்து
கேண்டீன் மைலோ ஆறுவதற்குள்
அவன் குரலைக் கேட்டுவிட வேண்டும்.
இருபது நிமிடம். அதில் ஐந்து கழிப்பறைக்கு.

"அக்கா, பசியாறியாச்சா?" என்றுதான் தொடங்குவான்,
நேரம் தெரிந்தும்.
பிறகு பையிலிருந்து சாமான் எடுப்பதுபோல்
அன்றைய நாளை வெளியே எடுத்து வைப்பான்.

வகுப்பில் தொண்ணூற்று மூன்று பேர்.
சாக்கட்டி தீர்ந்துபோய்
காய்ந்த மரவள்ளித் துண்டால் வகுத்தல் சொல்லிக் கொடுத்தானாம்.
மினிபஸ் நிறைந்தால்தான் கிளம்புமாம்.
நிறைந்துவிட்டது என்று யார் முடிவு செய்வது,
அது மட்டும் இன்னும் பிடிபடவில்லையாம்.
யாரோ மடியில் வைத்த கோழியோடு
ஏரிக்கரை வரை மூன்று மணி நேரம்.
இறங்கும்போது அந்த அம்மாள் நன்றி சொல்லவில்லை,
கோழியின் கால்கட்டைச் சரிபார்த்துக்கொண்டாளாம்.

சோளமாவைக் கிண்டினால் களி,
அங்கே அதற்குப் பெயர் ன்சிமா.
தொட்டுக்கொள்ள ஏரியில் பிடித்துக் காயவைத்த உசிப்பா.
"நம்ம நெத்திலிதாங்கா,
உப்பு கம்மியான ஊர்ல வந்து மாட்டிக்கிட்டிருக்கு,
என்ன மாதிரி."

சந்தையில் அவனிடம்
சீனி என்ன விலை என்று கேட்கிறார்களாம்.
அந்த ஊரில் நம் முகச்சாடை உள்ளவர்கள்
கல்லாவுக்குப் பின்னால்தான் இருப்பார்களாம்.
முதல் மாதம் கோபம் வந்ததாம்.
இப்போது விலை சொல்லப் பழகிவிட்டானாம்.

கோயில் தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டு
"உன் தம்பி செய்யறது பெரிய தொண்டும்மா" என்றார்.
ஆமாம் என்றேன்.
அவன் பாதியில் விட்டுப்போன மோட்டார் கடனுக்கு
மாதம் இருநூற்று எண்பது ரிங்கிட் கட்டுகிறேன்,
அது எதில் சேரும் என்று கேட்கவில்லை.
சர்க்கரைப் பொங்கலில் அன்று முந்திரி நிறைய இருந்தது.

ஞாயிறுதோறும் அடுக்குமாடியின் கீழே போய்
பத்து நிமிடம் ஓடவிட வேண்டும்.
பேட்டரி சாகக்கூடாது, அவன் உத்தரவு.
ஓட்டத் தெரியாது எனக்கு.
நிற்கிற வண்டியில் உட்கார்ந்து
எங்கும் போகாமல் இருக்கிறேன்.
முகத்தில் காற்று மட்டும்தான் குறை.

பிப்ரவரியில் பதினொரு நாள் அவன் பேசவில்லை.
நான் அனுப்பியதில் எல்லாம் ஒற்றைச் சாம்பல் குறி.
சிப்புகளில் கீறல் தேடுவது என் வேலை.
கீறல் இல்லாததையும் தூக்கிப் போட்டேன்.
சூப்பர்வைசர் சியூ லான் இரண்டு முறை வந்து
பார்த்துவிட்டுப் போனாள்.

பன்னிரண்டாம் நாள் ஒரு பதிவு.
நாற்பது விநாடி. ஒரு வார்த்தை இல்லை.
தகரக் கூரையில் மழை,
நடுவில் ஓர் இருமல்.
பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து
இருபது வருடம் கேட்ட இருமல்.
மலேரியா என்று பிறகுதான் சொன்னான்,
மாத்திரையெல்லாம் தீர்ந்த பிறகு.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுன்மாயா
என் காதிலிருந்து ஒன்றைக் கழற்றி
தன் காதில் வைத்துக்கொண்டாள்.
மழை முடியும்வரை கேட்டாள்.
"எங்கள் வீட்டிலும் தகரம்தான்" என்றாள் மலாயில்.
நேப்பாளத்தில் எந்தப் பக்கம் அந்த வீடு,
நான்கு வருடமாய் நான் கேட்டதில்லை.
கேட்க வாயெடுத்தேன்,
மணி அடித்துவிட்டது.

அந்த ஞாயிறு
சாவியைத் திருகி
கைப்பேசியை என்ஜின் பக்கமாய்ப் பிடித்தேன்.
நாற்பது விநாடி.
நானும் எதுவும் பேசவில்லை.
மேல்மாடியில் யாரோ ஜன்னலை அறைந்து சாத்தினார்கள்,
அதுவும் பதிவாகியிருக்கும்.

இரவு பதில் வந்தது.
"சத்தமே சரியில்லக்கா.
எண்ணெய் மாத்து."

முப்பத்தெட்டு ரிங்கிட்.
அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.