இரண்டு கிரெடிட்

அனுபவம் அறுபது மணி நேரம்.
முப்பதுக்கு ஒரு கிரெடிட் என்று
கையேட்டின் பதினொன்றாம் பக்கம் சொல்கிறது.
அருங்காட்சியகவியல், இரண்டாம் ஆண்டு,
வகுப்பில் ஏழு பேர்.
கம்ப்யூட்டரில் இடம் கிடைக்காமல் வந்தவர்கள் ஆறு.
நான் கேட்டு வாங்கினேன்,
வீட்டில்கூட நம்பவில்லை.

காங்கயத்தில், கல்லூரி நூலகத்துக்குப் பின்னால்
சைக்கிள் கொட்டகைக்குச் சுவர் எழுப்பி
அருங்காட்சியகம் என்று பலகை மாட்டினார்கள்.
ரேணுவுக்குப் பானை ஓடுகள்.
சபரிநாதனுக்குப் பூட்டுகள், சாவி இல்லாமல்.
எனக்கு மாட்டு மணிகள்,
நாற்பத்து மூன்று.
அரிசி ஆலைக்காரர் வீட்டில் பாகம் பிரித்தபோது
யாருக்கும் வேண்டாம் என்று வந்தவை.

உயரம், வாய் விட்டம், எடை, உலோகம், பழுது.
பதிவேட்டில் இவ்வளவுதான் கட்டங்கள்,
ஓரத்தில் ஒல்லியாகக் குறிப்பு என்று ஒன்று.
கையுறை போடு, நாக்கைக் கட்டு என்றார்
பெரியண்ணசாமி சார்.
மணியின் நாக்கைத்தான்.
ஆடினால் உள்விளிம்பு தேயுமாம்.
பருத்தி நூலால் மூன்று சுற்று, ஒரு முடிச்சு.
ஆடிக்காற்று ஜன்னலைப் பிய்த்துக்கொண்டிருக்க
ஒவ்வொன்றாக வாயடைத்தேன்.

சனிக்கிழமை பொழுதோட வயலின்.
எண்ணெய் மில் மாடியில் வகுப்பு,
கீழே களத்தில் கொப்பரை காயும்.
வில்லுக்குப் பூசும் ரோசினிலும் அந்த வாசம்தான்.
யாழினி மிஸ் என்னைவிட ஒரு வயது சின்னவள்,
மிஸ் என்று கூப்பிட ஒரு மாதம் ஆனது.
கூடப் படிப்பவர்கள் எல்லாம் மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு.
வலது கணுக்காலில் வயலின் தலையைச் சாய்த்து
சரளி வரிசையின் முதல் வரியிலேயே
இரண்டாம் படியில் வழுக்குவேன்.
பக்கத்தில் உட்காரும் இனியன்
திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வான்:
"அக்கா, உங்க ரி எறங்குதுங்க."

இருபத்தேழாம் மணிக்கு முடிச்சு சரியாக விழவில்லை.
தராசிலிருந்து தூக்கும்போது
ஒரே ஒரு தடவை அடித்தது.
எனக்குத் தெரிந்த குரல்.
அதே வழுக்கல், அதே படி.
குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்:
ரிஷபம், சற்றே இறங்கியது.

சார் கண்ணாடியை ஏற்றிப் படித்தார்.
"மாட்டு மணின்னு மேலயே இருக்குது,
அப்பறம் எதுக்கு ரிஷபம்?
எறங்குச்சுன்னா எங்கிருந்து எறங்குச்சு,
வண்டியிலிருந்தா?"
சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு மணியைப் பார்த்தே கேட்டார்:
"மத்ததெல்லாம்?"
"கட்டீட்டனுங்க சார்."
"அவுத்துரு."

கட்டியதற்கு மணிக் கணக்கு உண்டு,
அவிழ்ப்பதற்குக் கையேட்டில் இடமில்லை.
அதுவும் போக, என் காதை நானே நம்பவில்லை.
இனியனின் அப்பாவிடம் கேட்டு
ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டி வந்தேன்.
அவன் கைக்கு ஆகிற அளவில் கையுறை இல்லை.
சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போனில் சுருதிப் பெட்டி ஓட
வெறும் விரலால் சுண்டிக்கொண்டே போனான்.
"இது ப. இதும் ப.
இது சண்டை போடுதுங்க, ரெண்டா கேக்குது.
இது ஒண்ணுமில்ல, தகரம்."
நான் எழுதினேன், ஒல்லிக் கட்டம் போதாமல்
தாளைத் திருப்பிப் பின்பக்கமும்.
மாடுகள் யாருடையவை, எந்தச் சந்தைக்குப் போயின,
எதுவும் தெரியாது.
இந்தக் கழுத்திலிருந்து வந்தது இந்தச் சுரம் என்பது மட்டும்
ஒரு எட்டு வயதுப் பையன் சொல்லித் தெரியும்.

படிவம் வந்தது.
கற்றது என்ன, ஐம்பது சொற்களுக்குள்.
நாற்பத்தொன்பதில் நிறுத்திவிட்டேன், எதற்கோ.
மொத்தம் ஐம்பத்தெட்டு மணி நேரம்,
இரண்டு குறைகிறது என்றார்கள் அலுவலகத்தில்.
சார் என்ன பேசினாரோ,
அறுபது என்று திருத்திப் பக்கத்தில் கையெழுத்து.
இனியனுடைய மூன்று மணி நேரம்
எந்தக் கட்டத்திலும் ஏறவில்லை.
கேன்டீனில் தேங்காய் பன் கேட்டான்,
இரண்டு வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை சரளி வரிசை.
ச.
ரி.
வில்லை நான் எடுப்பதற்குள்
"இருபத்தேழு" என்றான்.