கண்ணை மூடச் சொல்லுதல்

பூர்க்டோர்ஃப் நிலையத்திலிருந்து நடந்தால் பன்னிரண்டு நிமிடம்.
சப்பாத்துப் பனியை வாசலில் தட்டிவிட்டு
மூன்றாம் மாடி, அறை முந்நூற்றேழு.
உருத்திரகுமார். தபால் பிரிக்கும் இரவு வேலை.
டிசம்பர், சைக்கிள், தெருவில் தெரியாமல் கிடந்த ஐஸ்.
எழுபத்தொரு நாளாகிறது.
விழிகள் திறந்துதான் இருக்கின்றன.
பார்க்கிறாரா என்று கேட்டால்
டாக்டருக்கு ஒரு பதில், நர்ஸுக்கு ஒரு பதில்.

எனக்கு மணிக்கணக்கில் சம்பளம்.
வாடகைத் தகராறு, பள்ளிக்கூடச் சந்திப்பு, விவாகரத்து:
எல்லாவற்றிலும் இரண்டு பக்கமும் பேசும்,
சிலவேளை ஒரே நேரத்தில்.

உளவியலாளர் ஏஷ்லிமான்
முகம் பார்க்கும் கண்ணாடியை அவர் முன்னால் மெல்ல நகர்த்துகிறார்.
கருமணி கொஞ்சத் தூரம் கூடவே போகிறது,
பிறகு இடையில் இறங்கிக்கொள்கிறது.
"ஜெர்மனில் எல்லாம் கேட்டுப் பார்த்தாயிற்று.
உங்கள் மொழியில் சொல்லுங்கள், கண்களை மூடும்படி."

மூடு என்பதா, மூடும் என்பதா, மூடுங்கோ என்பதா
என்பதல்ல சிக்கல்.
போன மாதம் பேர்ணில் ஒரு மகளுக்கு
அப்பா கண்ணை மூடிவிட்டார் என்று
இதே வாயால் சொல்லியிருந்தேன்.
"சிமிட்டுங்கோ" என்றேன்.
உடனே சிமிட்டினார்!
மாற்றிச் சொன்னதை ஒப்புக்கொண்டேன்.
"சிமிட்டல் தானாக வரும், கணக்கில்லை" என்றார் ஏஷ்லிமான்.
காரணத்தையும் சொன்னேன்.
கண்ணாடியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.
"எங்களிடமும் அப்படி ஒரு பொருள் உண்டு.
ஆனாலும் கேட்டாக வேண்டும்."

யன்னலோரம் இருந்த தவமலர் எழும்பி வந்தா.
"தங்கச்சி, கொஞ்சம் தள்ளுங்கோ.
விடிய ஆறரைக்கு வேலையால வருவார்.
பதினாறு வருசமாய் நான் சொல்லுறதுதானே."
யன்னல் சீலையை இழுத்துவிட்டா.
அறை அரையிருட்டானது.
"இஞ்சாருங்கோ.
கண்ணை மூடுங்கோ."

ஐந்து. எட்டு.
தொண்டைக் குழாயில் மூச்சு சீறிச் சீறி
பத்து.
படிவம் பத்து வினாடியோடு முடிகிறது.
ஏஷ்லிமான் பேனையை வைத்துவிட்டார்.

பதின்மூன்றில்
இடது இமை இறங்கியது.
வலது, அரைவாசியில் நின்று,
எதையோ யோசித்துவிட்டுப் போல, இறங்கியது.

"களைப்பாகவும் இருக்கலாம்.
திறக்கச் சொல்லுங்கள்."
தவமலர் போர்வையின் நுனியை
அவர் பாதத்துக்குக் கீழே சொருகிக்கொண்டிருந்தா.
"இப்பதானே படுத்தவர்,
கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ."

அதுவும் என் வேலைதான். மொழிபெயர்த்தேன்.
ஏஷ்லிமான் பென்சில் தேடினார்.
படிவத்தின் ஓரத்தில், சிறிதாக: 13.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
பிறகு நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கி வைத்து
அவரும் உட்கார்ந்தார்.