தையல்

சதவீதம் கேட்கிறான் சித்தேஸ்வரன்.
நனைந்த கையுறையைக் கழற்றாமல்
என் மேசைமேல் குனிந்து,
"அக்கா, நீங்க பேங்க்ல இருக்கீங்க,
நூத்துக்கு எவ்வளவு சான்ஸ்னு சொல்லுங்க."

ஆறு நாள் கூட்டுறவு வங்கியில் வட்டி போடுகிறேன்.
ஏழாம் நாள் இந்த மைதானத்தில் ஸ்கோர்.
பதினோரு வருடப் புத்தகங்கள்
பீரோவுக்கு மேல் கிடக்கின்றன, அட்டை பிரிந்து.
அவற்றிலிருந்து மாநில அணிக்குப் போனவர் இருவர்.
இருவரும் பந்து வீசியவர்கள்,
இருவருக்கும் அப்போது மீசை சரியாக முளைக்கவில்லை.
இருபத்தைந்துக்கு மேல் போன பேட்ஸ்மேன்
பூஜ்யம்.
பூஜ்யத்தை எதால் வகுத்தாலும்
அவனிடம் சொல்லும்படி ஒன்றும் வருவதில்லை.

அவனுக்கு இருபத்தொன்பது.
முன்பெல்லாம் ஏழாவது ஆளாக இறங்குவான்,
அதற்குள் நான் டிபன் டப்பாவை மூடியிருப்பேன்.
சராசரி பதினாறு.
ஒருமுறை அணிப் பட்டியலில் பெயரை விட்டுவிட்டார்கள்.
யாரும் கவனிக்கவில்லை, அவனும்.

பிறகு அந்த லைசென்ஸ்.
ஆத்தூரிலிருந்து மரவள்ளி லோடு கொண்டுவர
சேகோ பேக்டரியில் டிரைவர் கேட்டார்கள்.
கனரக வண்டிக்கு மெடிக்கல் சர்டிபிகேட் வேண்டும்.
ஐந்து ரோட்டில் கண்ணைக் காட்டினான்.
இடது மைனஸ் ஒன்றே முக்கால், வலது ஒன்றரை.
"இத்தனை நாள் எப்படிய்யா ஓட்டினே?" என்றாராம் டாக்டர்.
"ஏழாவதா இறங்கி, சார்."

அடுத்த ஞாயிறு கண்ணாடியோடு வந்தான்,
கழுத்துக்குப் பின்னால் ஷூ லேஸால் கட்டி.
முதல் பந்தைத் தொடாமல் விட்டுவிட்டு
கீப்பர் பையனிடம் திரும்பிக் கேட்டிருக்கிறான்:
"பந்துல தையல் தெரியுதுடா.
உனக்கெல்லாம் எப்பவுமே தெரியுமா?"

அந்த சீசன் பதினான்கு இன்னிங்ஸ்,
இரண்டு முறை ஆட்டமிழக்கவில்லை,
எழுநூற்று முப்பத்திரண்டு.
சராசரி அறுபத்தொன்று.
வங்கியில் எங்களுக்கு ஒரு பழக்கம்:
கணக்கில் வரும் வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால்
எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கும்.
பதினாறு, அறுபத்தொன்று.
இரவு பதினொன்றரை வரை
பக்கம் பக்கமாகத் திரும்பக் கூட்டினேன்.
தவறு என் கையில் இல்லை.

இன்று சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள்,
எதிரணியின் பத்தொன்பது வயதுப் பையனுக்காக.
பையன் நான்கில் போனான்.
அதன்பின் ஒருவர் போனில் பேசினார்,
மற்றவர் தட்டுவடை செட் எங்கே நன்றாயிருக்கும் என்று
என்னிடம் கேட்டார்.
சொன்னேன். ஆள் அனுப்பினார். வந்தது.

சித்தேஸ்வரன் முப்பத்தெட்டில் இருந்தபோது
ஒரு கவர் டிரைவ்.
சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது,
கதவு தானாகச் சாத்திக்கொண்டதுபோல.
எல்லைக்கோட்டில் படுத்திருந்த நாய்
எழுந்து வழிவிட்டுத் திரும்பப் படுத்தது.
அந்த நேரம் சட்டினி சட்டையில் சிந்திவிட்டது அவருக்கு.
இவர் நெட்வொர்க் தேடி வேப்பமரத்தடிக்குப் போயிருந்தார்.

புத்தகத்தில் அது 4.
மட்டையின் விளிம்பில் பட்டு ஸ்லிப்பைத் தாண்டி ஓடியதும்
அதே பக்கத்தில் 4.
பென்சிலைக் கொஞ்சம் அழுத்தினேன்.
அப்படிச் செய்யக் கூடாது.

ஏற்காடு மலை மறைந்தால்
பத்து நிமிடத்தில் இங்கே மழை.
மறைந்தது. நாற்பத்தேழு, அவுட் இல்லை.
தார்ப்பாயை இழுக்க அவனும் ஓடினான், பேடுகளோடு.
வந்தவர்களுக்கு மூன்றரைக்கு ரயில்.
காரின் பின்கண்ணாடி துடைப்பான்
இரண்டு முறை அசைந்தது, கேட் தாண்டினார்கள்.

நாளை விடியும்முன் இவன் ஆத்தூரில் இருக்க வேண்டும்.
சதவீதம் கேட்கிறான்.

"கண்ணாடியைத் தொடை முதல்ல" என்றேன்.
பனியனை உள்ளிருந்து இழுத்துத் துடைத்தான்,
மாட்டினான், வடக்கே பார்த்தான்.
"விட்டுரும்க்கா. மேல நாலாவது வளைவுல
பஸ்ஸு லைட்டுப் போட்டு எறங்குது பாருங்க."

பார்த்தேன்.
எனக்கு மலையே தெரியவில்லை.