ஐம்பத்தெட்டாம் நாள்

முப்பது மாத்திரை, முப்பது நாள்.
ஹக்காலா வந்து நிற்பதோ
ஐம்பத்தெட்டாம் நாள்.

சாலை உப்பு வெளுத்த பூட்ஸை
வாசல் மிதியடியில் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.
சூப்பீரியர் ஏரித் துறையில் முப்பத்தோரு வருடம்
கப்பல்களில் இரும்புத்தாது கொட்டியவர்.
குப்பியை வாங்கியதும் ஒருமுறை குலுக்கிப் பார்ப்பார்,
எடை சரியா என்பதுபோல்.

எண்ணுவதுதான் எனக்கு வேலை.
நீலத் தட்டில், ஐந்தைந்தாகத் தள்ளி.
கேட்காமலே தெரிந்துவிட்டது:
ஒருநாள் விட்டு ஒருநாள்.
அப்படியென்றால் அறுபதல்லவா வரவேண்டும்?
எங்கோ இரண்டு இரவு
பயந்துபோய்க் கூடுதலாக விழுங்கியிருக்கிறார்.

ஜனவரியில் காப்பீட்டுக் கணக்கு
மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.
தொகையை வாயால் சொல்லவில்லை நான்,
திரையை அவர் பக்கம் திருப்பினேன்.
"என் வண்டியே இவ்வளவு பெறாது" என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
"வண்டியாவது ஓடுகிறது."

மார்ச்சில் மருத்துவமனையிலிருந்து தாள் வந்தது:
ரத்தத்தில் எண்கள் ஏறிவிட்டன,
பழைய மருந்து பலிக்கவில்லை,
இனிமேல் புதியது, வீரியம் கூடியது.
விலையைப் பார்த்தேன்.
இரண்டு மடங்குக்கும் மேல்.

மருந்தா பலிக்கவில்லை?
பாதிதானே உள்ளே போயிற்று.
நர்ஸ் கேட்டபோதெல்லாம் "தினமும், காலை உணவோடு"
என்று சொல்லியிருக்கிறார்
பொய்யே சொல்லத் தெரியாத அந்த மனிதர்.

வீட்டுக்குப் போன் செய்தேன்.
வானொலியில் ஏரிப் பனிக்கட்டியின் கனம்
வாசித்துக்கொண்டிருந்தார்கள்.
அதைக் குறைத்துவிட்டுச் சொன்னார்:
"பாதிச் சுமை ஏற்றினாலும்
கப்பல் புறப்படத்தானே செய்யும், மார்னி.
பாதி மருந்துக்குப் பாதிக் குணமாவது
இருக்கும் என்று நினைத்தேன்."

துறையில் சரியாக வந்த கணக்கு.
அதை எப்படித் தப்பென்று சொல்வது?
"டாக்டரிடம் நானே சொல்லட்டுமா?" என்றேன்.
வானொலி மறுபடி சத்தமாயிற்று.
வேண்டாம் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

மருத்துவமனை எண்ணை அழுத்தினேன்.
காத்திருக்கச் சொல்லி ஏதோ பியானோ.
தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு
அடுத்த குப்பியை எடுத்தேன்.
பெட்ரா போலண்டர், மார்பகம், எழுபத்தொன்பது வயது.
ஐந்து, பத்து, பதினைந்து.
போன முறை வாங்கிய தேதியைப் பார்த்தேன்.

நாற்பத்து நான்கு நாள்.