தன்மை ஒருமை

சிவப்பு விளக்கு எரிந்ததும்
நான் நானில்லை.

மூன்றே முக்காலுக்கு நான் இணையமைச்சர்.
சொட்டுநீர்க் குழாய் மீதான வரியை
முழுமனதோடு ஆதரிக்கிறேன்,
அவருடைய இருமலை மட்டும் விட்டுவிட்டு.
நான்கு ஐந்துக்கு எதிர்வரிசை.
முருங்கை விளையும் ஊர்க்காரர்,
ஒரு முழம் கறுப்புக் குழாயை அவையில் தூக்கிக் காட்டுகிறார்.
காவலர் வந்து வாங்கிப் போகும்வரை
அவர் கோபத்தை இந்தியில் நான் படுகிறேன்,
எப்போதும் ஆறு சொல் பின்தங்கி.

"மசோதாவை வரிக்கு வரி படித்தேன்,
வரிக்கு வரி வரிதான்" என்றார்.
"மாண்புமிகு உறுப்பினர் நயமாக ஒன்று சொன்னார்"
என்று சொல்லிக் கடந்துவிட்டேன்.
ஆளும் வரிசையில் ஒருவர்
மரியாதைக்குச் சிரித்தார்.

கூண்டுக்குள் இரண்டு நாற்காலி.
பக்கத்தில் எஸ்தர் ரூபவதி
துண்டுச் சீட்டில் எண்களை எழுதித் தள்ளுகிறாள்.
பன்னிரண்டு சதவீதம். பதினெட்டு.
நாற்பது லட்சத்துக்கு உட்பட்ட சிறுகடைகள்.
சொல் தவறினால் யாரும் கேட்பதில்லை,
சுழியம் தவறினால் மெமோ வரும்.

வீட்டுக்கடன் வட்டிக்கான சலுகை
இவ்வாண்டோடு நீக்கப்படும் என்று
நான்தான் சொன்னேன், தெளிவான தமிழில்.
நொய்டாவில் எட்டாவது மாடி உயரத்தில்
எனக்குச் சொந்தமாக ஓர் அந்தரம் இருக்கிறது,
மாதம் முப்பத்தோராயிரம்.
எஸ்தர் திரும்பிப் பார்த்தாள்.
குரல் நடுங்கவில்லை.
நடுங்கக் கூடாது, அது அமைச்சரின் குரல்.

பிறகுதான் அந்த வாக்கியம் வந்தது.
ஹம் யே போஜ் உட்டாயேங்கே.
இந்தச் சுமையைத் தூக்குவது
இந்தியில் ஒரே ஹம்.
தமிழில் அது இரண்டு வாசல்.
நாம் என்றால்
முருங்கைக்காரர் தலையிலும் ஏறும்,
என் எட்டாவது மாடியிலும்.
நாங்கள் என்றால்
அரசு தனியே சுமக்குமென்று
அவர் கொடுக்காத வாக்கை நான் கொடுத்ததாகும்.
அமைச்சர் எதை நினைத்தார்?
அவரிடம் எழுந்துபோய்க் கேட்க முடியாது.
கண்ணாடி.
அரை நொடி.

"இந்தச் சுமையைச் சுமப்போம்" என்றேன்.
எழுவாய் இல்லை.
வினையின் வாலில்
இரண்டுக்கும் ஒரே ஓம்.
பதினோரு வருடச் சம்பளத்தில் கற்ற தந்திரம்.

காதுக்கருவியைக் கழற்றாமலே
முருங்கைக்காரர் எழுந்தார்.
"சுமப்போம் சரி.
யார்?"

"கௌன்?" என்றேன் இந்தியில்.
என் கேள்வி போலவே ஒலித்தது.

அமைச்சர் தாளைப் புரட்டினார்.
தண்ணீர் குடித்தார்.
"ஹம்" என்றார்.

அவை சிரித்தது, எதற்கென்று தெரியவில்லை.
மணி அடித்தது. நேரம் முடிந்தது.
குரல் வாக்கெடுப்பு.
ஆம் என்போர் என்றேன், இல்லை என்போர் என்றேன்.
ஆம் என்போரே வென்றனர் என்றேன்.
விளக்கு அணைந்தது.
எஸ்தர் பையிலிருந்து
பனங்கற்கண்டு எடுத்துக் கொடுத்தாள்.

615-இல் முனிர்கா இறங்கும்போது எட்டரை.
மாவுக் கடை பூங்காவனம்
பாக்கெட்டுகளில் ஒட்டிய பெயர்ச்சீட்டை
நகத்தால் கிளறிக்கொண்டிருந்தான்.
ஆயிரம் சீட்டு, போன மாதம்தான் அச்சடித்தது.
மஞ்சள் பின்னணியில் அவன் மகள் வரைந்த இட்லி.
"பேரு ஒட்டினா உண்டாம்,
ஒட்டாம அள்ளி ஊத்தினா இல்லையாம்.
நிஜமாக்கா?
நீங்க அங்கதானே இருந்தீங்க?"

இருந்தேன் என்றேன்.
யாராக என்று அவன் கேட்கவில்லை.

"அப்போ நாமதான் கட்டணும்" என்றான்.
அவனுக்கு அரை நொடிகூடத் தேவைப்படவில்லை.

சீட்டு பாதி கிழிந்து பாதி ஒட்டியே நின்றது.
தூக்குவாளியை நீட்டினேன்.
மூன்று கரண்டி ஊற்றி
நான்காவதை யோசித்து
அதையும் ஊற்றினான்.
மூடி போன வாரம் விழுந்து நெளிந்தது,
சரியாக மூடவில்லை.
படியேறும்போது மாவு
என் விரலெல்லாம்.