ஏழு துளைகள்

ட்ராமுக்குச் சுக்கான் கிடையாது.
இருபத்திரண்டு ஆண்டுகள் ஓட்டியிருக்கிறேன்,
கோப்லியிலிருந்து காத்ரியோர்க்,
காத்ரியோர்க்கிலிருந்து கோப்லி.
வேகம் கூட்டலாம், குறைக்கலாம், மணியடிக்கலாம்.
திருப்ப முடியாது.
திருப்பங்களைத் தண்டவாளம் பார்த்துக்கொள்ளும்.

இதைச் சொன்னபோது
படகை விற்ற மனிதர் சிரிக்கவில்லை.
"அப்போ மறக்கவேண்டிய பழக்கம் எதுவும் இல்லை"
என்று சாவியை நீட்டினார்.

இருபத்தொன்பது அடி.
என்னைவிட மூன்று வயது மூத்தது.
கோப்லி படகுத்துறையில், முட்டுக்கட்டைகள் மேல்,
நீலத் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது.
தார்ப்பாய் மேல் முழங்கால் அளவு பனி.
முதல் நாளே டார்ச்சோடு அடியில் தவழ்ந்து எண்ணினேன்:
ஏழு துளைகள்.
மிதக்கவேண்டிய ஒன்றின் வயிற்றில்
தெரிந்தே போட்ட ஏழு துளைகள்.
கழிவறைக்கு இரண்டு,
எஞ்சினைக் குளிர்விக்க ஒன்று,
பாத்திரம் கழுவிய நீருக்கு ஒன்று,
மேல்தளத்து மழை வடிய இரண்டு.
ஏழாவது எதற்கென்று
விற்றவருக்கும் தெரியவில்லை.

ஒவ்வொன்றின் கழுத்திலும்
ஒரு மரத்தக்கையைக் கயிறு போட்டுக் கட்டினேன்.
வால்வு உடையும் இரவில் தேடக் கூடாது,
நீட்டிய கைக்குத் தக்கை கிடைக்கவேண்டும்.

தயாராவது என்றால் இதுதான் போலிருக்கிறது:
மூழ்கும் வழிகளை ஒவ்வொன்றாய் யோசித்து
அதனதன் பக்கத்தில்
ஒரு கட்டையைத் தொங்கவிடுவது.

கடைசி நிறுத்தத்தில் நாலு நிமிட இடைவேளை.
கைப்பிடிக் கம்பியில் முடிச்சுப் பழகுகிறேன்.
ஒருநாள் அவிழ்க்க மறந்துவிட்டேன்.
மெருன் நிறத் தொப்பி போட்ட ஒருவர்
நகரத்தின் பாதிவரை
அந்த வளையத்தைப் பிடித்துக்கொண்டே வந்தார்.
அறுந்துவிடவில்லை. குறித்துக்கொண்டேன்.

வானொலித் தேர்வில்
"மேடே" என்று மூன்று முறை சொல்லச் சொன்னார்கள்.
என் படகு மூழ்குகிறது,
என்னோடு யாருமில்லை என்று சொல்லவேண்டும்.
அடுத்த நிறுத்தத்தை அறிவிக்கும் குரலில் சொன்னேன்.
எனக்கு வேறு குரல் இல்லை.
தேர்வாளர் எழுதினார்: தெளிவு.

முதலுதவி வகுப்பில் பன்றிக்காலுக்குத் தையல் போட்டேன்.
பல் மருத்துவரிடம் போய்
வலிக்காத கடைவாய்ப்பல்லைப் பிடுங்கச் சொன்னேன்.
"வலி வரட்டும், பார்க்கலாம்."
"வரும்போது நான் பசிபிக்கில் இருப்பேன்."
விளக்கை அணைத்துவிட்டு
என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
பிடுங்கவில்லை.
கிராம்பு எண்ணெய் சீட்டெழுதித் தந்தார்.

பிரெட், என் மகள்,
கணக்கில் கெட்டிக்காரி.
"மொத்தம் எத்தனை நாள் கடலில் இருந்திருக்கிறாய்?"
பதினொன்று.
"வாந்தி எடுக்காத நாள்?"
நாலு.
"உலகத்தைச் சுற்றிவர?"
மூன்று வருடம் என்றேன்.
வகுத்துப் பார்த்தாளோ என்னவோ,
தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரியில் விரிகுடா உறைந்தது.
வேலை முடிந்து பனிக்கட்டி மேல் நடந்து போனேன்,
வெயில் காலத்தில் படகைக் கட்டப்போகும் இடம் வரை.
காலுக்குக் கீழே கடல்
வயிறு இரைவதுபோல் ஒரு சத்தம் போட்டது.
அங்கே நின்று,
யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு,
இல்லாத சுக்கானைப் பிடித்து
இடப்பக்கம் திரும்பினேன்.

அடுத்த ஞாயிறு
படகின் கீழே யாரோ சுரண்டும் சத்தம்.
முகமூடி, புருவமெல்லாம் நீலத்தூள்.
நாற்பது வருடப் பெயின்ட்டைத்
திட்டிக்கொண்டே உரித்துக்கொண்டிருந்தாள் பிரெட்.
நிமிராமலே கேட்டாள்,
"மூன்று பூச்சு போதுமா?"
"நாலு" என்றேன்.
வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை.

மே மாதம். கிரேன்.
இரண்டு நாடாக்களில் தொங்கிப்போய்
படகு தண்ணீரைத் தொட்டது.
நான் உள்ளே, குப்புறப் படுத்து, டார்ச்சோடு.
முதல் துளை உலர்ந்திருந்தது.
இரண்டாவது, மூன்றாவது, ஆறாவது வரை உலர்ந்திருந்தது.
ஏழாவதன் விளிம்பில்
ஒரு சொட்டு,
விழலாமா என்று யோசித்தபடி.

விரலில் எடுத்து நாக்கில் வைத்தேன்.
உப்பென்று சொல்லவே முடியாது.
பால்டிக் அப்படித்தான்,
அரைப்பாதி ஆற்றுநீர்.

கிளிப்பை அரைச் சுற்று இறுக்கினேன்.
மேலிருந்து கிரேன்காரர் யூலோவின் குரல்:
"நாடாவை அவிழ்க்கவா?"
விரல் இன்னும் அங்கேதான்.
ஈரமா, என் வேர்வையா, தெரியவில்லை.

"ஒரு நிமிடம்" என்று கத்தினேன்.
"ஒரே நிமிடம்."