ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை

ஐந்து ரோட்டில் பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் என் அறை.
வலசையூர் சேகோ மில்லுக்காக
சின்னதாய் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி,
அதை எழுப்பிவிட இன்னும் ஒரு வரி எழுதினேன்.

நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை.
அதுவும் பஞ்சாங்கம்தான், ஐந்து அங்கம்;
ராகுகாலம் மட்டும் இல்லை.
முதல் கட்டத்தில் நட்சத்திரம், சாய்கோடு, ஐந்து.
மற்ற நாலிலும் வெறும் நட்சத்திரம்.
நட்சத்திரம் என்றால் எதுவானாலும் சரி என்று பொருள்.
எந்த மணி? எதுவானாலும்.
ஆடிப் பதினெட்டா? ஆகட்டும்.
கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு
ஊரே கடையடைத்த புதன்கிழமையா?
அதுவும் ஆகட்டும்.

வேலை இதுதான்:
மலைமேல், நாகலூர் காப்பித் தோட்டத்தில்
மிளகு ஏறிய சில்வர் ஓக் மரங்களைத் தாண்டி
வெட்டவெளியில் நிற்கும் மழைமானியைக் கேட்க வேண்டும்,
நனைந்தாயா என்று.
நனைந்தேன் என்றால்
மேகம் கீழே வந்து சேருமுன்
களத்து மேஸ்திரி அர்த்தநாரியின் போன் அடிக்க வேண்டும்.
நமக்குத்தான் இருபது கொண்டை ஊசி வளைவு.
மேகம் நேராக இறங்கும்.

கையால் ஓட்டிப் பார்த்தேன், மூன்று தடவை.
மூன்று தடவையும் அடித்தது.
"அடிக்குதுங்க மேடம்" என்றார்.
செக் வந்தது.

பதினேழாம் நாள் மத்தியானம்
அவர் நம்பரிலிருந்து ஒரு படம் மட்டும் வந்தது.
கிழங்கு மாவு களத்தில் கஞ்சியாய் ஓடுகிறது.
ஓரத்தில் பெருமாயி,
தார்ப்பாயின் ஒரு முனையை இன்னும் பிடித்தபடி,
கேமராவைப் பார்க்காமல்.

மறுபடி கையால் ஓட்டினேன்.
ஓடியது, சனியன்.

ராத்திரி பதினோரு மணிக்குத்தான் உறைத்தது.
நான் ஓட்டும்போது என் வீடும் கூடவே வருகிறது:
எந்த அலமாரியில் எது, எந்த ஆணியில் சாவி,
எனக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கும் தெரியும்.
தானாக எழும்போது
அது யார் வீட்டிலோ கண்விழிக்கிறது.
இருட்டு. கதவு எந்தப் பக்கம்?
தடவுகிறது, கிடைக்கவில்லை,
ஒரு கடுதாசி எழுதி வைத்துவிட்டு
திரும்பப் படுத்துக்கொள்கிறது.

கடுதாசி இருந்தது.
அந்தக் கணினிக்குள்ளேயே
யாரும் திறக்காத தபால்பெட்டியில்
நாளைக்கு இருநூற்று எண்பத்தெட்டு வீதம்
நாலாயிரத்து எழுநூற்று ஐம்பத்திரண்டு.
எல்லாவற்றிலும் ஒரே வாக்கியம்:
நீங்கள் சொன்ன கட்டளை இங்கே இல்லை.
விடிகாலை மூன்று ஐந்துக்கும் அதுவே.
மாவு கரைந்துகொண்டிருந்தபோதும் அதுவே,
ஒருமுறைகூடக் குரல் உயர்த்தாமல்.

முழு முகவரி எழுதினேன்,
வேரிலிருந்து தொடங்கி, தெரு, சந்து, கதவு என்று.
இனிமேல் கடுதாசி போட்டால்
என் போனுக்கே ஒரு நகல் வரும்.
கெட்டுப்போன மாவுக்குக் கழித்துக்கொள்ளச் சொன்னேன்;
பாதிதான் கழித்தார்கள். அது இன்னும் உறுத்துகிறது.

மூன்றாம் நாள் இரண்டு முப்பத்தைந்துக்கு
அர்த்தநாரியின் போன் அடித்தது.
ஒன்பது பேர் ஓடினார்கள், அள்ளினார்கள், மூடினார்கள்,
நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டு அண்ணாந்து நின்றார்கள்.
ஒரு சொட்டு இல்லை.
"மேலயே பேஞ்சு தீந்துடுச்சுங்க போல" என்றார்,
சுள்ளென்ற வெயிலில் நின்றுகொண்டு.
பெருமாயி என்ன சொன்னாள் என்று கேட்டேன்.
"அது வேணாங்க மேடம்."

இப்போது இரவு பத்து முப்பத்தைந்து.
பல் ஆஸ்பத்திரியில் ஷட்டர் இறக்கிவிட்டார்கள்.
தபால்பெட்டி காலி.
எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று இருக்கலாம்.
எழுதுவதையே விட்டுவிட்டது என்றும் இருக்கலாம்.
இரண்டுக்கும் பெட்டி ஒரே மாதிரிதான் இருக்கிறது.

பத்து நாற்பது. திறந்து பார்க்கிறேன்.
பத்து நாற்பத்தைந்து.